கடைசிப் பாயில் உட்கார்ந்தவர் யார்?

வேத பாடம்
வாசிக்க: யாக்கோபு 2:1-9; 1 கொரிந்தியர் 14:23-25; வெளிப்படுத்தல் 3:14-20
மனப்பாடம் செய்ய: எபிரெயர் 13:2



நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கப் போவதற்கு முன்னாலே ஒரு ஜவுளிக்கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். சில நாட்களில் ஒரு பெரியவர் வருவார். சாதாரண வேட்டி, தோளில் ஒரு துண்டு. இருபது சேலையைப் பிரிச்சுப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வேண்டாம் தம்பி, பிறகு வாரேன்" என்று எழுந்து போய்விடுவார். அன்று சாயங்காலம் முதலாளி அண்ணாச்சி கூப்பிடுவார். "ஏலே, காலையில வந்த பெரியவர்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டியாமே?" அப்போதுதான் தெரியும், அந்தப் பெரியவர் முதலாளி அனுப்பின ஆள் என்று.

அதற்குப் பிறகு கடைக்கு யார் வந்தாலும் நான் சிரித்த முகமாய் "வாங்க, வாங்க" என்றேன். ஏன்? அன்பினாலா? இல்லை. எந்த ஆள் முதலாளியின் ஆள் என்று தெரியாத பயத்தினால்! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் கடைசியில் இதற்கு மறுபடியும் வருவேன்.

1. சபைக்கு வந்த மறைவான பார்வையாளர்கள்

இப்படி ஆள் அனுப்பிச் சோதிப்பதற்கு 'மிஸ்டரி ஷாப்பிங்' என்று பேர். 1940-களிலேயே அமெரிக்காவில் இந்தப் பேர் வழக்கத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கு பாங்க், ஓட்டல், பெட்ரோல் பங்க் எல்லாவற்றுக்கும் இப்படி ஆள் போகிறார்கள். ஆனால் சபை ஆராதனைக்கும் இப்படி ஆள் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

இங்கிலாந்தில் 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' என்று ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை. 1977-ல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 1998-ல் மறுபடியும் உயிர்பெற்றது. சிரிப்பும் கேலியும் கலந்து சபைக் காரியங்களை எழுதுகிறவர்கள். 'மிஸ்டரி வொர்ஷிப்பர்' என்கிற வேலையை ஆரம்பித்தவர்கள் இவர்கள்தான். ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சபைக்குப் போவார். எல்லாரோடும் உட்கார்ந்து ஆராதிப்பார். காணிக்கை எடுக்கும்போது அதில் ஒரு சிறிய அட்டையைப் போட்டுவிடுவார். காணிக்கையை எண்ணும்போதுதான் மூப்பர்களுக்குத் தெரியும், இன்றைக்கு அந்த ஆள் வந்து போயிருக்கிறார் என்று!

பிறகு அவர் அறிக்கை எழுதுவார். வாசலில் யாராவது பேசினார்களா? பிரசங்கம் எத்தனை நிமிஷம்? எந்த நேரம் பரலோகத்தில் இருப்பதுபோல் இருந்தது, எந்த நேரம் அந்த இன்னொரு இடத்தில் இருப்பதுபோல் இருந்தது? ஆராதனை முடிந்தபின் வழி தெரியாதவர்போல் நின்றபோது என்ன நடந்தது? ஒரு வாரம் கழித்து எது ஞாபகத்தில் நிற்கும்? இப்படிப்பட்ட கேள்விகள். 2005 ஏப்ரலில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் லண்டன் நகரத்துச் சபைகளுக்கு சுமார் 70 பேர் இப்படிப் போனார்கள்.

அமெரிக்காவில் இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. துல்சா நகரத்தில் முன்பு போதகராயிருந்த தாமஸ் ஹாரிசன் என்பவர், சபைகளே பணம் கொடுத்து அழைக்க, அந்நியனைப்போலப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்து வந்ததை 2008-ல் அங்குள்ள பெரிய பத்திரிகை ஒன்று எழுதியது. கூரையில் இருந்த நீர்க்கறை முதல் வரவேற்க நின்றவரின் முகம் வரைக்கும் அவர் கண்ணுக்குத் தப்பாதாம். சாரல் ஊரில் இருக்கிற நம்முடைய ஜெபவீடுகளுக்கு அவர் வந்தால் நீர்க்கறையை எழுதவே ஒரு நோட்டு பத்தாது!

இங்கே என்னுடைய ஒரு குற்றத்தையும் அறிக்கையிடுகிறேன். ஒரு போதகர் பிச்சைக்காரர் வேஷத்தில் தன் சொந்த சபைக்கே போனார், பத்தாயிரம் பேரில் மூன்று பேர்தான் பேசினார்கள், பிறகு மேடையில் ஏறி 'நான்தான் உங்கள் புதிய போதகர்' என்றார் என்று ஒரு கதை 2013 முதல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நானும் அதை நம்பி பிரசங்கத்தில் சொல்லிவிட்டேன். சபையார் அழுதார்கள். பிறகு ஒரு வாலிபத் தம்பி தனியாக வந்து, "ஐயா, அது கட்டுக்கதை, அப்படி ஒரு போதகர் இல்லை" என்றான். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு சபையில் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பொய்க்கதையினால் வருகிற கண்ணீர் ஆவியானவருடைய கண்ணீர் அல்ல.

ஆனால் அதே 2013-ல் உண்மையாகவே ஒன்று நடந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் ஊரில் ஒரு மெதடிஸ்ட் சபைக்குப் புதிதாய் நியமிக்கப்பட்ட வில்லி லைல் என்ற போதகர், ஜூன் மாதத்தில் ஐந்து நாள் வீடில்லாதவராய்த் தெருவில் தங்கினார். தம்முடைய முதல் பிரசங்க நாளில் அந்த அழுக்கு உடையோடேயே சபைக்கு வெளியே ஒரு மரத்தடியில் படுத்திருந்தார். சுமார் இருபது பேர் அவரிடம் பேசினார்கள், உதவி செய்யவும் முன்வந்தார்கள். உள்ளே வந்தவர்களோ ஏறக்குறைய இருநூறு பேர். உண்மைக் கதையில் மூன்று பேர் அல்ல, இருபது பேர் இருந்தார்கள் பாருங்கள்! தேவன் தமக்கென்று சிலரை எப்போதும் மீதியாக வைத்திருக்கிறார். ஆனாலும் மற்ற நூற்றெண்பது பேர்?

2. காந்தியார் எழுதின அறிக்கை

இது வெள்ளைக்காரன் நாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிடாதிருங்கள். நம் தேசத்து மனுஷன் ஒருவர் கூலி வாங்காமலே இப்படி ஒரு அறிக்கை எழுதியிருக்கிறார். அவர் மகாத்மா காந்தி.

1890-களில் அவர் தென்னாப்பிரிக்காவில் வாலிப வக்கீல். டர்பன் நகரத்தில் கிறிஸ்தவ நண்பர்கள் சொல்லைக் கேட்டு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வெஸ்லியன் ஆலயத்துக்குப் போனார். அந்த நண்பர்கள் தங்கள் வீட்டில் ஞாயிறு சாப்பாட்டுக்கும் அவரை நிரந்தரமாக அழைத்திருந்தார்கள். அவர்களைப் பற்றி அவருக்குக் குறை இல்லை. ஆனால் ஆராதனையைப் பற்றி என்ன எழுதினார்? பிரசங்கத்தில் உயிர் இல்லை; வந்த ஜனங்களும் பக்தியினால் அல்ல, பொழுதுபோக்காகவும் வழக்கத்துக்காகவும் வந்த உலகத்தாரைப்போல் தெரிந்தார்கள்; தனக்கே தூக்கம் வந்தது; வெட்கப்பட்டால், பக்கத்தில் இருந்தவர்களும் அதே கதிதான் என்பதைக் கண்டு வெட்கம் குறைந்தது. இந்தக் கருத்தில் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். கொஞ்ச காலத்தில் போவதையும் விட்டுவிட்டார்.

தேவபிள்ளைகளே, சற்று யோசித்துப் பாருங்கள்! அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கி வழிந்த விசுவாசிகளுக்குத் தெரியுமா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கறுத்த வாலிபனை ஒருநாள் உலகமே கவனிக்கப்போகிறது என்று? தெரியாது. அவர்கள் சாதாரணமாய் இருந்தபடியே இருந்தார்கள். அந்தச் சாதாரணம்தான் அறிக்கையாக எழுதப்பட்டுவிட்டது.

3. வேதத்தில் வேவு பார்த்தவர்கள்

வேவு பார்ப்பதில் இரண்டு விதம் உண்டு என்று வேதம் காட்டுகிறது.

முதலாவது, கட்டுகிறதற்காகப் பார்ப்பது. நெகேமியா எருசலேமுக்கு வந்தபின் யாருக்கும் சொல்லாமல், இராத்திரியிலே சிலரோடு புறப்பட்டு, இடிந்த மதிலையும் வெந்துபோன வாசலையும் சுற்றிப் பார்த்தான் (நெகே. 2:12-15). பார்த்துவிட்டுப் புறங்கூறினானா? இல்லை, கல்லும் சாந்துமாய் எழும்பினான். தேவனும்கூட, சோதோமின் கூக்குரலைக் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லாமல், தாமே இறங்கிப் போய்ப் பார்ப்பேன் என்றார் (ஆதி. 18:20,21). ஆண்டவராகிய இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஜனங்கள் காசு போடுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் (மாற். 12:41). யாரும் பாராட்டாத ஒரு ஏழை விதவையைக் கண்டுபிடித்தது அந்தப் பார்வைதான்!

இரண்டாவது, இடிக்கிறதற்காகப் பார்ப்பது. கானானைப் பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் பழத்தையும் கொண்டுவந்து பயத்தையும் கொண்டுவந்தார்கள் (எண். 13). நம்முடைய சுயாதீனத்தை வேவு பார்க்கப் பக்கவழியாய் நுழைந்த கள்ளச் சகோதரரைப் பற்றிப் பவுல் எழுதுகிறார் (கலா. 2:4). இப்படிப்பட்டவர்கள் இன்றும் உண்டு. மறுப்பதற்கில்லை.

அப்படியானால் வாசலில் நிற்கிற அந்நியன் எந்த விதம் என்று நமக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியில்தான் நான் தவறினேன்.

4. ஒரு சீசன் ஞாயிறு

நம்முடைய சிறிய ஜெபவீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கட்டிடம். ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் வரை வெளியூர் ஜனங்கள் வருவார்கள். மெயினருவியில் குளித்த ஈரத் தலையோடு ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களும் உண்டு. அதனால் புது முகம் நமக்குப் புதிது அல்ல.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஜூலை மாதம். அதற்குச் சில வாரம் முன்னால் இரண்டு பேர் வந்து, ஆராதனையைச் செல்போனில் படம் பிடித்து, வெளியே போய்த் தகராறு செய்தார்கள். அதிலிருந்து வாசலில் நிற்கிற தம்பிமாருக்கு நான்தான் சொல்லியிருந்தேன்: "புது ஆள் வந்தா விசாரிச்சு உள்ள விடுங்க."

அந்த ஞாயிறு நல்ல சாரல். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கைலியும் நனைந்த சட்டையுமாய் வந்து நின்றார். தம்பி விசாரித்தான். "எந்த ஊரு? யாரைத் தெரியும் உங்களுக்கு? யாரு வீட்டு ஆளு?" அவர் என்னமோ மெதுவாய்ச் சொன்னார். செருப்பு கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கடைசிப் பாயில் உட்காரச் சொன்னான். துதி ஆராதனை நடந்தது. அபிஷேகத்தில் நிறைந்து சபை ஆர்ப்பரித்தது. பிறகு அறிவிப்பு நேரம். வழக்கம்போல நான் மைக்கில், "புதிதாய் வந்திருக்கிறவர்கள் எழுந்து நின்று பேரும் ஊரும் சொல்லுங்கள்" என்றேன். எல்லாருடைய தலையும் பின்னாலே திரும்பிற்று. அவர் எழுந்தார். நிற்கவில்லை. செருப்பைக்கூட சரியாய் மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

"பார்த்தீங்களா ஐயா, வேவு பார்க்கத்தான் வந்திருக்கான்" என்றான் தம்பி. நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் எதிர்த்த டீக்கடைக்கு நான் போனேன். டீக்கடைக்காரர் விசுவாசி அல்ல. அவர் கேட்டார்: "சாமி, நேத்து உங்க சபையில இருந்து ஒரு ஆளு நனைஞ்சுக்கிட்டு வந்தாரே, அவரு சம்சாரம் எப்படி இருக்காம்?"

"எந்த ஆளு?"

"ஆஸ்பத்திரியில சம்சாரத்தைச் சேர்த்திருக்காராம். டாக்டர் கையை விரிச்சிட்டாராம். பாட்டுச் சத்தம் கேட்டு, ஜெபம் பண்ணச் சொல்லலாம்னு வந்தேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தாவ, கூச்சமாப் போச்சு, வந்துட்டேன்னு சொன்னாரு. மழையில எங்க போவாரு? உள்ள உக்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். அழுதாரு. காசு வாங்கல சாமி."

பிரியமானவர்களே, நான் அந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேர் தெரியாமல் யாரைத் தேடுவது? வார்டு வார்டாய்க் கேட்டேன். கிடைக்கவில்லை. இன்றுவரை அவர் பேர் எனக்குத் தெரியாது. அந்தச் சகோதரி பிழைத்தாரா, மரித்தாரா, அதுவும் தெரியாது.

அன்றைக்கு நம்முடைய சபையில் இரண்டு மணி நேரம் ஆராதனை. ஆனால் அந்த ஞாயிறு நனைந்தவனுக்கு உட்கார இடம் கொடுத்தது டீக்கடை. இங்கிலாந்துக்காரர் காணிக்கையில் போடுகிற அட்டை எனக்கு டீக்கடையில் கிடைத்தது.

5. நாம் தவறுகிற நான்கு இடங்கள்

(அ) வாசலில் கேட்கிற கேள்வி. "எந்த ஊரு? யாரு வீட்டு ஆளு?" இதை நம் பக்கத்தில் எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் தெரு தெரியும், தெருவைச் சொன்னால் சாதி தெரியும். 1981 பிப்ரவரியில் நம் தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் ஜனங்கள் ஒன்றாய் இஸ்லாம் மார்க்கத்தில் சேர்ந்தார்கள். டில்லி வரைக்கும் அது பேசப்பட்டது. சாதி இழிவு தாங்காமல், சமமாய் உட்கார ஒரு இடம் தேடினோம் என்பதே அவர்களில் பலர் சொன்ன காரணம். நம் சீமையில் சபைகளுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அந்த ஜனங்கள் வேறு வாசலுக்குப் போனார்கள். ஏன் என்று நாம் முழங்காலில் நின்று கேட்டதுண்டா?

போவாசும் ரூத்தைக் கண்டு இந்தப் பெண் யாருடையவள் என்று விசாரித்தான் (ரூத் 2:5). விசாரிப்பது பாவம் அல்ல. ஆனால் அவன் விசாரித்தது எதற்கு? தண்ணீர் கொடுக்கவும், பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு கொடுக்கவும் (ரூத் 2:9,14). நம்முடைய விசாரிப்பின் முடிவு என்ன?

(ஆ) உட்கார வைக்கிற இடம். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தை கட்டினவனுக்குக் காலடியும் கொடுத்தால் பட்சபாதம் என்கிறார் யாக்கோபு. நாம் பெந்தெகொஸ்தேக்காரர், நகை போடாதவர்கள், ஆகவே இது நமக்கு இல்லை என்று நினைக்கிறோம். உண்மை என்ன? வெளியூர்ச் சகோதரி காதில் கம்மலோடு வந்தால் நம் சகோதரிகள் முறைத்துப் பார்க்கிறார்கள். அதே கம்மல் காரில் வந்து இறங்கினால், நாற்காலி தேடி ஓடுகிறோம்! மோதிரம் போய்விட்டது, யாக்கோபு கண்டித்த வியாதி போகவில்லை.

(இ) ஆராதனையின் நடுவே. அந்நியபாஷையை நான் தடுக்கவில்லை, பவுலும் தடுக்கவில்லை (1 கொரி. 14:39). ஆனால் அந்நியன் ஒருவன் உள்ளே வந்தால் அவன் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அபிஷேகம் பெற்ற அப்போஸ்தலன் யோசித்தார் (14:23). அவன் இருதயத்தின் இரகசியம் வெளிப்பட்டு, தேவன் மெய்யாகவே இங்கே இருக்கிறார் என்று அவனே சொல்லவேண்டும் என்பது பவுலின் ஆசை (14:25). பத்துக்கு இருபது அடி ஹாலில் நான்கு ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்து, வந்தவன் காதைப் பொத்தினால், அவன் இருதயத்தின் இரகசியம் எப்படி வெளிப்படும்? ஏலி ஆசாரியனை நினைத்துக்கொள்ளுங்கள். உதடு அசைந்து சத்தம் கேளாததால், மனம் கசந்து ஜெபித்த அன்னாளைக் குடிகாரி என்று எண்ணினான் (1 சாமு. 1:13,14). அழுதுகொண்டு வருகிறவர்களை ஆலயத்துக்காரரே தப்பாய்ப் புரிந்துகொள்வது அன்றே தொடங்கிவிட்டது.

(ஈ) முடிவு ஜெபத்துக்குப் பின். அந்தப் பத்து நிமிஷம் நாம் என்ன செய்கிறோம்? மூப்பர்கள் காணிக்கை எண்ணுகிறார்கள். வாலிபர்கள் வயரைச் சுருட்டுகிறார்கள். சகோதரிகள் வழக்கமான ஆட்களோடு பேசுகிறார்கள். புதிதாய் வந்தவர் செருப்பைத் தேடுகிறதுபோல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். நம் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா ஐயா, 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அத்தனை வெள்ளைக்காரர் முன்னால் எழுந்து என்ன கேட்டார்? நீங்கள் செய்த தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்களாய் இருப்பவர்கள் வேண்டும் என்கிற பொருளில் கேட்டார். வாசலில் கைகூப்புவது சுலபம். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போவதுதான் சிநேகம்.

6. எச்சரிப்பு: சபை கடை அல்ல

இதையெல்லாம் படித்துவிட்டு, அடுத்த ஞாயிறு நோட்டும் பேனாவுமாய் வேறு சபைக்குப் போய் மார்க் போடக் கிளம்பிவிடாதிருங்கள்! வாடிக்கையாளனுக்குப் பிடித்தது கிடைக்காவிட்டால் அவன் கடையை மாற்றலாம். ஆராதிக்கிறவன் வாடிக்கையாளன் அல்ல, பலிபீடத்துக்குத் தன்னையே கொண்டுவருகிறவன்.

சில விசுவாசிகளை நான் 'ஐந்தருவி விசுவாசிகள்' என்று சொல்வேன். ஐந்தருவியில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? எந்தப் பிரிவில் தண்ணீர் நன்றாய் விழுகிறது, எதில் கூட்டம் குறைவு என்று பார்த்து, அதில் தலையைக் கொடுத்துவிட்டு, துவட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அருவிக்கரையைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படியே, இந்தச் சபையில் பாட்டு நல்லது, அந்தச் சபையில் தீர்க்கதரிசனம் நல்லது, இன்னொன்றில் பிரியாணி நல்லது என்று நனைந்து நனைந்து போகிறார்கள். நனைகிறார்கள், வேர் விடுவதில்லை.

பரிசோதனையில் வேறொரு ஆபத்தும் உண்டு. என் ஜவுளிக்கடைக் கதைக்குத் திரும்பி வருகிறேன். "வந்தவர் யாரோ, மறைவாய் வந்த பெரிய ஊழியக்காரராய் இருக்கலாம், நல்லபடி நடந்துகொள்வோம்" என்று நாம் உபசரித்தால், அது கடைப்பையனுடைய மரியாதை. மத்தேயு 25-ஐ நிதானமாய் வாசியுங்கள். வலதுபக்கத்தில் நிற்கிறவர்கள் ராஜாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, ஆண்டவரே, உம்மை எப்போது அந்நியராய்க் கண்டு சேர்த்துக்கொண்டோம் என்று கேட்கிறார்கள் (25:38). அவர்களுக்குத் தெரியவே தெரியாது! ராஜா என்று கண்டுபிடித்து உபசரித்தவர்கள் அல்ல. நனைந்த மனுஷனை நனைந்த மனுஷன் என்பதற்காகவே உள்ளே அழைத்தவர்கள். அந்த டீக்கடைக்காரர் தன் கடைக்கு வந்தது யார் என்று தெரிந்தா டீ போட்டார்?

அப்படியானால் உண்மையாகவே கெட்ட நோக்கத்தோடு வருகிறவர்களை என்ன செய்வது? சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் பயந்தார்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு, பேசிக் கேட்டு, அப்போஸ்தலரிடத்தில் கொண்டுபோனான் (அப். 9:26,27). பர்னபா மாத்திரம் இல்லாவிட்டால் சவுல் அந்த வாசலோடே திரும்பியிருப்பான். ஒவ்வொரு சபைக்கும் வாசலில் ஒரு பர்னபா வேண்டும். ஒளிப்பதற்கு நம்மிடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், பார்க்க வருகிறவனுக்கு ஏன் பயப்படவேண்டும்? பார்த்துவிட்டுப் போகட்டும்!

7. நாங்கள் செய்த மாற்றங்கள்

மேட்டிமையாக அல்ல, மற்ற சபைகளுக்கும் பிரயோஜனமாய் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வாசலில் தம்பிமாரோடு ஒரு வயதான தாயாரையும் தகப்பனாரையும் நிறுத்தினோம். முதல் கேள்வி "எந்த ஊரு" அல்ல, "வாங்க, நனைஞ்சிட்டீங்களே, துண்டு தரட்டுமா?" என்பதுதான். சீசன் மாதங்களில் வாசலில் நான்கு துண்டும் ஒரு பானை வெந்நீரும் இருக்கும்.

புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வதை விட்டுவிட்டோம். ஜெபக்குறிப்பு எழுத ஒரு சிட்டையும் பென்சிலும் பாயிலேயே வைக்கிறோம். பேர் எழுதவேண்டும் என்கிற கட்டாயம் இல்லை.

முடிவு ஜெபத்துக்குப் பின் முதல் பத்து நிமிஷம் யாரும் காணிக்கை எண்ணுவதில்லை.

மாதம் ஒரு ஞாயிறு நான் பிரசங்க மேடையை மூப்பருக்குக் கொடுத்துவிட்டு, கடைசிப் பாயில் செருப்புக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பின்னால் இருக்கிற பாக்ஸில் என் குரல் வெறும் இரைச்சலாய்க் கேட்கிறது என்று! எத்தனை வருஷம் அந்த ஏழைகள் பொறுத்திருந்தார்களோ!

8. கதவைத் தட்டின ராஜா

நம் பாண்டிய நாட்டில் ஒரு பழைய கதை உண்டு. சிலப்பதிகாரத்திலும் அது வருகிறது. பாண்டியன் இராத்திரியில் மாறுவேடத்தில் நகர்சோதனை போனான். கீரந்தை என்பவன் ஊருக்குப் போயிருக்க, அவன் மனைவி ராஜாவின் காவலை நம்பி வீட்டில் தனியே இருந்தாள். ராஜா அந்த வீட்டைக் காத்து வந்தான். ஒருநாள் உள்ளே ஆண் குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிட்டான். உள்ளே இருந்தது திரும்பி வந்த புருஷனே! அந்தப் பெண்ணின் பேரில் சந்தேகம் வரக்கூடாது என்று தெருவில் இருந்த எல்லாக் கதவையும் தட்டிவிட்டுப் போனான். மறுநாள் அரசவையில், கதவைத் தட்டிய அந்தக் கையைத் தானே வெட்டிக்கொண்டான். பிறகு பொன்னால் கை செய்து வைத்தார்களாம். அதனால் பொற்கைப் பாண்டியன் என்று பேர்.

இது உலகத்தாரின் கதைதான். ஆனால் ஒன்றைச் சொல்கிறது. பிறனுடைய கதவைச் சோதிக்கிறவன், தன் தப்புக்குத் தன் கையையே கொடுக்க ஆயத்தமாயிருக்கவேண்டும்.

நம் ராஜாவோ தப்பே செய்யாதவர். அவர் கைகள் நம்முடைய தப்புக்காக ஆணியால் குத்தப்பட்டன. அந்தக் கையினால்தான் அவர் லவோதிக்கேயா சபையின் கதவைத் தட்டுகிறார் (வெளி. 3:20). கவனியுங்கள், அவர் உள்ளே இருந்து அல்ல, வெளியே நின்று தட்டுகிறார்! உள்ளே ஆராதனை நடக்கிறது, செல்வம் இருக்கிறது, குறைவே இல்லை என்கிற பேச்சும் இருக்கிறது. ஆண்டவர் மாத்திரம் வாசலில் நிற்கிறார். ஏழு குத்துவிளக்குகளின் மத்தியிலே உலாவுகிற அவருக்கு யாரும் சிட்டை எழுதிக் கொடுக்கவேண்டியதில்லை. நம் கிரியைகளை அவர் அறிந்திருக்கிறார் (வெளி. 2:1,2).

தேவபிள்ளையே, நீ ஜெபிக்கிற சபையில் இந்த ஞாயிறு கடைசிப் பாயில் யார் உட்காரப்போகிறார்கள்? உனக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. நகர்ந்து இடம் கொடு. அது போதும்.

சிந்திக்கவும், வீட்டுக் கூட்டத்தில் பேசவும்:

1. கடைசியாக உங்கள் சபைக்குப் புதிதாய் வந்தவரின் பேர் உங்களுக்குத் தெரியுமா? அவர் மறுபடியும் வந்தாரா?
2. நெகேமியாவின் பார்வைக்கும் பத்து வேவுகாரரின் பார்வைக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் பார்வை எது?
3. லூக்கா 7:44-46 வாசியுங்கள். சீமோன் இயேசுவைத் தன் வீட்டுக்குள் அழைத்தும் எதில் தவறினான்?
4. உங்கள் வாசலில் கேட்கப்படுகிற முதல் கேள்வி என்ன?

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, நனைந்து வந்த அந்த மனுஷனை நாங்கள் இழந்துபோனோம். அவர் எங்கே இருந்தாலும், அவருடைய வீட்டாரை நீர் விசாரியும். உம்மை வெளியே நிறுத்தின எங்கள் கதவுகளைத் திறந்துவிட கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.